ஒப்புதல் யார் கையில்? மதிப்பாய்வுக் கருவி மாற்றமும் சிறுமொழிகளும்

கட்டற்ற மென்பொருள் குழுமம் ஒன்று தன் நிரல் மதிப்பாய்வுக் கருவியை மாற்ற முற்படும்போது, விவாதம் பெரும்பாலும் வேகம், வசதி, செலவு ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. ஒரு திருத்தத்தை ஏற்கும் உரிமை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இந்திய மொழிகளுக்கு, அதிலும் எழுத்து மரபு நிலைபெறாத சிறுமொழிகளுக்கு, இது அடிப்படையான கேள்வி.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் அனுபவம் இதற்குச் சான்று. 2012 மார்ச் வரை அதன் நிரல் சப்வெர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்தது. உரிமை பெற்றவர் திருத்தத்தை நேரே சேர்ப்பார். மதிப்பாய்வு பின்னர் நடக்கும். பார்க்கப்படாத திருத்தங்கள் குவிந்து, புதிய பதிப்புகள் தாமதமாயின. கிட் என்ற பதிப்புக் கருவிக்கும் கெரிட் என்ற மதிப்பாய்வுக் கருவிக்கும் மாறியபின் வரிசை தலைகீழானது: மதிப்பாய்வு முடிந்த பிறகே சேர்ப்பு. கெரிட்டில் மதிப்பெண் −2 முதல் +2 வரை. எத்தனை +1 விழுந்தாலும் அவை கூடி, சேர்ப்புக்குத் தேவையான ஒரு +2 ஆவதில்லை. +2 இடும் உரிமையோ சிலருக்கே உண்டு. தரக்காவல் வலுத்தது, அதிகாரமும் குவிந்தது.

இந்த அதிகாரம் மொழியைத் தொடுமிடத்தில் அதன் எல்லை தெரிகிறது. விக்கிமீடியாவின் உள்ளீட்டு நூலகமான ஜேகுவரி.ஐஎம்இயில் தமிழ்99, பாமினி, ஒலிபெயர்ப்பு எனப் பல விசைப்பலகைகள் உள்ளன. தமிழ்99இல் ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும், ‘ங’வை அடுத்து ‘க’ வந்தாலும் அப்படியே. இவ்விதியைத் தொடும் திருத்தம் பிழையின்றி ஓடுகிறதா என்பதை ஜாவாஸ்கிரிப்ட் அறிந்த எவரும் சோதிக்கலாம். தட்டுபவரின் விரலுக்கு அது சரியா என்பதைத் தமிழ் தட்டச்சு செய்பவர்தான் சொல்ல முடியும்.

மொழிபெயர்ப்புக்கு இச்சிக்கல் ஓரளவு தீர்ந்திருக்கிறது. மீடியாவிக்கியின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் டிரான்ஸ்லேட்விக்கி.நெட் தளத்தில் எழுதுகிறார்; அதை நிரலில் சேர்ப்பது தானியங்கியின் வேலை. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுமம் 2020இல் கிட்லேப் என்ற கருவிக்கு மாறியபோதும் மொழிபெயர்ப்புகளைச் சப்வெர்ஷனிலேயே வைத்துக்கொண்டது. ஒரு குழுமத்துக்கு ஒரே கருவி என்ற நியதி நடைமுறையில் நிற்கவில்லை. ஆனால் விசைப்பலகையும் எழுத்துவிதியும் நிரலாகவே எழுதப்படுகின்றன. அவற்றுக்கு இந்தத் தனிவழி இல்லை.

இதன் விளைவைக் காண நீலகிரியின் மஞ்சூரை எடுத்துக்கொள்வோம். குந்தா பகுதியிலுள்ள இவ்வூரைச் சுற்றிப் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள் பல உள்ளன. படுக மொழியின் ஐந்து உயிர்களும் நாவளைந்து இரு நிலைகளில் ஒலிப்பதை மொழியியலாளர் எமனோ 1939இல் பதிவுசெய்தார். தமிழெழுத்தில் அந்த உயிர்களுக்கோ ஒலிப்புடைய வல்லினங்களுக்கோ தனிக்குறி கிடையாது. மஞ்சூர் இளைஞர் ஒருவர் படுகத்துக்கு விசைப்பலகை எழுதி அனுப்புவதாகக் கொள்வோம். அதை மதிப்பிடும் தகுதி ஹட்டியில் இருக்கிறது. ஏற்கும் உரிமை படுகத்தைக் கேட்டேயறியாத பராமரிப்பாளரிடம் இருக்கிறது. கெரிட் என்றால் ஒவ்வொரு திருத்தத்திலும் சேஞ்ச்-ஐடி வரியைச் சேர்க்கவும், அதே கமிட்டைத் திருத்தித் திரும்ப அனுப்பவும் அந்த இளைஞர் பழக வேண்டும். கிட்ஹப் தளத்தில் திருத்தம் அனுப்பும் முறையான புல் ரிக்வெஸ்ட் எளிது. ஆனால் அந்த எளிமை உள்ளே வரத்தான் உதவும். தீர்மானிக்கும் இடத்தில் அமர்த்தாது.

மொழியறிந்தவர் என்பதற்காக நிரலறியாதவரிடம் ஒப்புதலை ஒப்படைத்தால், கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருளின் பாதுகாப்பு என்னாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, ஒப்புதலை இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது: நிரலுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, இரண்டும் கிடைத்தால்தான் சேர்ப்பு. இதற்குப் புதிய கருவி தேவையில்லை. கெரிட்டில் குழுமமே புதிய மதிப்பெண் வகைகளை வரையறுக்கலாம். கிட்ஹப்பில் கோட்ஓனர்ஸ் கோப்பின் வழியே குறிப்பிட்ட கோப்புகளுக்குக் குறிப்பிட்டவர்களின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம்.

கருவிகள் நிலைப்பதில்லை. லினக்ஸ் கருவகம் 2005இல் பிட்கீப்பர் என்ற தன் பதிப்புக் கருவியை இழந்தது. பேப்ரிகேட்டர் என்ற மதிப்பாய்வுக் கருவியின் வளர்ச்சி 2021இல் நின்றது. எனவே மொழி ஒப்புதல் ஒரு கருவியின் அமைப்புப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. குழுமத்தின் எழுதப்பட்ட விதியிலும் இருக்க வேண்டும். அடுத்த கருவியைத் தேர்வோர் அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டே தேர்வைத் தொடங்கட்டும். அதை நிறைவேற்ற இயலாத கருவி எவ்வளவு வேகமானதாயினும், பன்மொழி மென்பொருளுக்கு உரியதன்று.