ஓரடுக்குக் காந்தம்

ஒரே ஒரு படிக அடுக்கின் தடிமன் மட்டுமே இருந்தும், தானாகவே காந்தத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும் பொருள் ஓரடுக்குக் காந்தம் எனப்படும். குரோமியம் மூவயோடைடில் அத்தகைய ஃபெரோகாந்தம் கண்டறியப்பட்ட செய்தி 2017 சூன் மாதம் நேச்சர் இதழில் வெளியானது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் இத்தகைய காந்தம் இயலுமா என்ற ஐயமே மேலோங்கியிருந்தது.

ஐயத்துக்குக் காரணம், 1966இல் மெர்மின், வாக்னர் ஆகியோர் நிறுவிய தேற்றம். ஒரு தளத்திலுள்ள அணுக்கள் அண்மை அணுக்களோடு மட்டும் வினைபுரிந்து, அவற்றின் தற்சுழற்சிகள் எத்திசையிலும் தடையின்றித் திரும்பக்கூடுமானால், சுழிக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் காந்த ஒழுங்கு நிலைக்காது. சிறிதளவு வெப்பமே நீண்ட அலைகளை எழுப்பி அதைக் கலைத்துவிடும். தேற்றம் சரியானதே. ஆனால் ‘எத்திசையிலும்’ என்ற நிபந்தனை முக்கியமானது. தற்சுழற்சிகள் மேல், கீழ் என இரு திசைகளை மட்டுமே ஏற்குமானால் இத்தடை பொருந்தாது. ஈசிங் மாதிரி எனப்படும் இந்நிலையில் இருபரிமாண ஒழுங்கு உண்டு என்பதை ஓன்சாகரின் துல்லியத் தீர்வு 1944இலேயே காட்டியிருந்தது.

குரோமியம் மூவயோடைடு புதிய பொருளன்று. அதன் காந்தப் பண்புகளைத் தில்லன், ஓல்சன் இருவரும் 1965இல் அளந்துள்ளனர். அதன் தற்சுழற்சிகள் அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கவே விரும்புகின்றன. கிராபீனைப் பிரிக்க உதவிய ஒட்டுநாடா முறையில் இதன் அடுக்குகளையும் உரிக்கலாம். காற்றுப்பட்டால் சிதைந்துவிடும் என்பதால், வேலை முழுவதும் மந்தவாயு நிரப்பிய பெட்டிக்குள் நடக்கவேண்டும். வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாவ்தோங் சூ, எம்.ஐ.டி.யின் பாப்லோ கரியோ-எர்ரேரோ ஆகியோரின் குழுக்கள், தெறித்த ஒளியின் முனைவாக்கம் சற்றே சுழல்வதைக் கொண்டு காந்தத்தன்மையை அறிந்தன. பருப்பொருளில் 61 கெல்வின் வரை நிலைக்கும் ஒழுங்கு, ஓரடுக்கில் 45 கெல்வின் வரை நிலைத்தது. அதே இதழில் வேறொரு குழு, குரோமியம் செருமேனியம் தெலூரைடின் மெல்லிய அடுக்குகளிலும் ஃபெரோகாந்தத்தை அறிவித்தது.

வியப்பு ஈரடுக்கில்தான் இருந்தது. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே ஃபெரோகாந்தமாக இருந்தும், இரண்டும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒன்றையொன்று ஈடுசெய்தன. பருப்பொருளிலோ எல்லா அடுக்குகளும் ஒரே திசையில் நிற்கின்றன. விடை அடுக்கும் முறையில் கிடைத்தது. பருப்பொருளைக் குளிர்விக்கும்போது அடுக்குகள் சற்றே நகர்ந்து சாய்சதுர அமைப்புக்கு மாறுகின்றன. மெல்லிய மாதிரிகள் பழைய ஒற்றைச்சரிவு அமைப்பிலேயே தங்கிவிடுகின்றன. 2019இல் ஈரடுக்கை அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது அடுக்குகள் நகர்ந்து ஒரே திசைக்கு வந்தன. அழுத்தத்தை நீக்கிய பின்னும் அப்படியே நின்றன.