மலையேறும் வண்டியை எங்கே நின்று காண்பது?

தொடர்வண்டியில் ஏறிச் செல்வது ஒரு பயணம். அவ்வண்டியைக் காண்பதற்கென்றே செல்வது வேறொரு பயணம். உள்ளே அமர்ந்திருப்பவர் மலையைக் காண்கிறார். வெளியே நிற்பவரோ மலையோடு போராடும் வண்டியைக் காண்கிறார். நீலகிரி மலை இருப்புப்பாதையைக் காணப் புறப்படுவோர், கால அட்டவணையைப் புரட்டுமுன் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நலம். எங்கே நிற்க வேண்டும் என்பதை வரலாறே சொல்லித் தரும்.

இப்பாதைக்கான எண்ணம் முதலில் எழுந்தது 1854இல். ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலைப்பாதையைச் சுவிட்சர்லாந்தின் ரீகி மலையில் 1871இல் அமைத்த நிக்லாஸ் ரிகன்பாக் என்ற பொறியாளர், 1882இல் நீலகிரிக்கும் ஒரு திட்டம் வகுத்தளித்தார். 1891இல் வேலை தொடங்கியது, பணமுடையால் முதல் நிறுவனம் கலைந்தது, மற்றொன்று பொறுப்பேற்றது. 1899இல் வண்டி குன்னூரை அடைந்தது. உதகையை அடைய 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 46 கிலோமீட்டர் பாதைக்கு, முதல் எண்ணத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் தேவைப்பட்டது!

அந்தக் காலத்தாழ்வின் காரணத்தைக் கல்லாறு நிலையத்தில் கண்ணால் காணலாம். அங்கேதான் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. பன்னிரண்டரை அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டிய செங்குத்தில், வழுவழுப்பான தண்டவாளத்தின்மீது சக்கரங்கள் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன. ஒரு சட்டத்தின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி அமையுமாறு செய்திருப்பதால், பிடி ஒரு நொடியும் தளர்வதில்லை. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை இது. இவ்வாறே குன்னூர் வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், வண்டி 1,300 மீட்டர் உயர்கிறது.

இனி, காண்போர் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு. மேலேறும்போது நீராவி எஞ்சின் வண்டியின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. எனவே எஞ்சின் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பாதை தெரியாது! பெட்டிகளின் முகப்பு மேடைகளில் பிரேக்ஸ்மேன் எனப்படும் பணியாளர்கள் நிற்கின்றனர். முன்னே நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். அக்குறிப்பு பெட்டிதோறும் கைமாறி ஓட்டுநரை எட்டுகிறது. ஓட்டுநரின் ஊதலைக் கேட்டு அவரவர் பெட்டியின் கைபிரேக்கை அவரவர் இயக்குகின்றனர். வலிமை பின்னே இருக்கிறது; பார்வை முன்னே இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே. புகையையும் எஞ்சினையும் மட்டும் பார்த்துத் திரும்புவோர், இவ்வண்டியின் உயிரைக் காணாமலே திரும்புகின்றனர்.

ஆகவே பயணத்தை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம். முந்தைய இரவே மேட்டுப்பாளையம் சேர்ந்துவிட்டால், காலை ஏழு மணியளவில் புறப்படும் வண்டியின் பின்புறம் எஞ்சின் வந்து இணைவதைக் காணலாம். மற்றொரு நாளைக் கல்லாறுக்கு ஒதுக்குக. மூன்றாம் நாள் குன்னூரில் நின்றால், நீராவி எஞ்சின் விடைபெற, டீசல் எஞ்சின் உதகை வரையான பாதைக்குப் பொறுப்பேற்பதைக் காணலாம். ஒரே நாளில் எல்லா இடத்தையும் காண முயல்வோர் எதையும் காண்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பது அறிவுடைமை. 2009 நவம்பரில் நேர்ந்ததுபோல், மண்சரிவு பாதையையே மூடிவிடக்கூடும். தண்டவாளத்தின்மீது நடப்பதும் குகைகளுக்குள் நுழைவதும் கூடா. கல்லாறு யானைகளின் வழித்தடம் என்பதையும் மறவாதிருப்போம்.

2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆயினும் பட்டயம் எதுவும் எஞ்சினை ஓட்டிவிடாது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்த எஞ்சின்கள் முதுமையடைந்தபோது, அதே வகையில் புதியன கட்டித் தந்தது திருச்சி பொன்மலைப் பணிமனை. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மண்ணை அகற்றிப் பாதையை மீட்பவர்கள் தொழிலாளர்கள். அருங்காட்சியகப் பொருளைப் பூட்டிக் காக்கலாம். ஓடும் பாதையையோ நாள்தோறும் உழைத்துத்தான் காக்க முடியும். அவ்வுழைப்பு ஓய்ந்தால் எஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே.

எனவே மலைவண்டியைக் காணச் செல்லும்போது, நீராவி மேகம் கலைந்தபின் இன்னும் சிறிது நேரம் நின்று பாருங்கள். முன் மேடையில் கொடியுடன் நிற்கும் அம்மனிதர் கண்ணில் படுவார். வண்டியிலுள்ள அத்தனை பேருக்கும் கண்ணாக இருப்பவர் அவர்.