அன்னாசி வந்த வழி

சங்கப் புலவர்கள் மாவையும் பலாவையும் வாழையையும் பாடினர். அன்னாசியை அவர்கள் அறியார். 1493 நவம்பரில் கரீபியக் கடலின் குவாதலூப் தீவில்தான் கொலம்பஸின் குழுவினர் அக்கனியை முதன்முதலாகச் சுவைத்தனர். ஸ்பெயினுக்கு அனுப்பியவற்றுள் அழுகாது தப்பிய ஒன்றை உண்ட மன்னர் பெர்டினாண்டு, கனிகள் அனைத்தினும் அதுவே சிறந்தது என்றாராம். அவருடைய பேரன் ஐந்தாம் சார்லஸோ மணத்தைப் புகழ்ந்தும் உண்ண மறுத்தார் என 1590இல் அகோஸ்தா எழுதினார்.

போர்த்துக்கீசியர் வழியாக அது நம் கரை சேர்ந்தபோது பெயரும் உடன் வந்தது. தென்னமெரிக்கத் தூபி மொழியின் 'நனா' போர்த்துக்கீசியத்தில் 'அனனாஸ்' ஆகி, நம் நாவில் 'அன்னாசி' ஆயிற்று. மலையாளக் கரையினரோ அதைப் பலாவுக்கு உறவாக்கினர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' அதைக் 'கப்பச்சக்கை' என்கிறது. கப்பலில் வந்த பலா எனப் பொருள் கொள்ளலாம்.

கப்பல்கள் வெறுமனே திரும்பவில்லை. 'மாங்காய்' என்னும் நம் கரைச் சொல் போர்த்துக்கீசிய 'மாங்கா'வாகிப் பின் ஆங்கில 'மேங்கோ' ஆனது.

கொய்யாவும் பப்பாளியும் சீத்தாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. தூய்மை பேசும் நாம், கொடுத்ததைப் பெருமையாக எண்ணுவது போலவே பெற்றதையும் எண்ண வேண்டும்.