தைப்பிங்கில் ஒரு விமானியின் கல்

பேராக்கின் போர்க்கால வரலாற்றை நாம் பெரும்பாலும் 1941 டிசம்பர் இறுதியில் நேர்ந்த ஈப்போவின் வீழ்ச்சியிலிருந்தே மாணவர்க்குச் சொல்லத் தொடங்குகிறோம். அதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் முன்னரே இறந்த ஓர் இளைஞரின் கல் தைப்பிங் போர் மயானத்தில் உள்ளது. ஆர்தர் ஸ்கார்ப் என்னும் அந்தப் பிரிட்டானியக் குண்டுவீச்சு விமானிக்கு அப்போது வயது 28.

டிசம்பர் 9 அன்று, பட்டர்வொர்த் தளத்திலிருந்த பிளெனிம் விமானங்களுக்குச் சயாமின் சிங்கோராவைப் பகலிலேயே தாக்குமாறு ஆணை வந்தது. ஜப்பானியர் அங்கே முந்தைய நாள் கரையிறங்கியிருந்தனர். ஸ்கார்பின் விமானம் மேலெழுந்த வேளையில் பகைவிமானங்கள் தளத்தின்மீது பாய்ந்தன. அவரைத் தொடரவேண்டிய விமானங்கள் தரையிலேயே அழிந்தன அல்லது முடங்கின. அவர் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிரார். தனியே சென்று குண்டுகளை வீசினார். மீளும் வழியில் இடக்கையும் முதுகும் சிதைந்த நிலையிலும் அலோர்ஸ்டாரில் விமானத்தைத் தரையிறக்கினார். உடன்சென்ற இருவருக்கும் காயம் இல்லை. அவர் மனைவி அவ்வூர் மருத்துவமனைச் செவிலியர். கணவனுக்காகக் குருதி கொடுத்தார். உயிர் நிற்கவில்லை.

விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த வீரவிருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 1946 ஜூனில்தான். பின்வாங்கலிலும் சிங்கப்பூர் வீழ்ச்சியிலும் ஆவணங்கள் அழிந்தமையால், பேரரசின் படைவீரர் ஒருவரின் செயல்கூட நாலரை ஆண்டு மறைந்து கிடந்தது என்பது கருதத்தக்கது.

வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறாகப் பகுக்கும். அவ்வரிசையில் முதலில் நிற்பது தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. தைப்பிங்கிலும் தேடலே முதற்பணி. போருக்குப்பின், தற்காலிகமாகப் பல இடங்களில் புதைக்கப்பட்டிருந்தோரைத் தேடியெடுத்து அங்கே கொண்டுவந்தனர். 850-க்கும் மேற்பட்ட அப்போர்வீரருள் பாதிக்கு மேற்பட்டோர் அடையாளம் காணப்படாதவர். அவர்க்கும் கல் உண்டு.

இதே போரில் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரை இங்கே நினையாமல் இருத்தல் இயலாது. 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறைகள் உள்ளன. தோட்டத் தொழிலாளருள் மாண்டோர் எத்தனை பேர் என்பதற்கோ மதிப்பீடுகளே உள்ளன. படைக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. பால்மரம் சீவியவர்க்கு அது இல்லை. மொழியாராய்ச்சியில் ஈடுபட்ட நமக்கு ஒரு செய்தி வியப்பளிப்பது. அந்நாடு தாய்லாந்து எனப் பெயர் மாறி நெடுங்காலம் ஆயிற்று. மலேசியத் தமிழரோ ‘சயாம் மரண இரயில்’ என்றே வழங்குகின்றனர். ஆர். சண்முகத்தின் புதினத்துக்கும் அதுவே பெயர். ஏட்டில் ஏறாத சாவுகளை ஒரு பழைய ஊர்ப்பெயர் சுமந்து வந்திருக்கிறது.

2023-இல் காஞ்சனபுரியின் பௌத்தக் கோவில் ஒன்றில் அத்தமிழர்க்காகக் கல் நாட்டப்பட்டது. அதற்கும் ‘நடுகல்’ என்றே பெயர் வைத்தனர்.

ஸ்கார்பின் நினைவுநாளை டிசம்பர் 9 என்று குறிக்கலாம். சயாமில் மறைந்த பாட்டனுக்கு அத்தகைய நாள் இல்லை. இறந்த திதி அறியாதார்க்கு மகாளய அமாவாசையில் நீர்க்கடன் இறுப்பது நம்மவர் வழக்கு.