குடத்தில் விழாத ஓலை



மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் எழுதியதும், 1993-இல் நம் வரலாற்று வகுப்பு உத்திரமேரூர் போன நாள்தான் நினைவுக்கு வந்தது. அப்போது அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை. பேராசிரியர் சொல்லச் சொல்ல நமக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

தகுதிகளையும் சொன்னார். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, வேதப் பயிற்சி. அது பிரமதேய ஊர்.

வெளியே வந்ததும் நம் இருளர் நண்பன், ஏரிக்கரைக் குடிசையிலிருந்து வந்து படித்தவன், கேட்டான்: "ஏன்டா, எங்க ஆளு ஓலை அந்தக் குடத்துல விழுந்திருக்குமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நாமும் சிரித்துவிட்டோம்.

அந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் மற்றச் சிறுபான்மை மாணவர்களும் 1968 நவம்பரில் தொடங்கி நான்கு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் மக்களின் கதை பாடத்தில் எங்கே என்பதே கேள்வி. 1969-இல் இனக்குழு ஆய்வுக்குத் தனிப் புலமே பிறந்தது.

அது ஒரு துறைக்குள் அடங்குகிற படிப்பு அல்ல. நம் நண்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு நிலமுள்ளவனைப் பேசும். 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இருளர் உண்டு. ஆனால் வெளியாள் பார்த்து எழுதியது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் பிழைப்பு ஏன் நின்றது, 1978-இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏன் வந்தது என்றறியச் சட்டமும் பொருளியலும் வேண்டும். மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மனுக்கு ஏன் கூடுகிறார்கள் என்பதற்கு வழக்காற்றியல் வேண்டும்.

இது வெறும் ஏட்டுப் படிப்பும் இல்லை. இரண்டாம் ஆண்டில் அவனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில், "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்களாம். அவன் அப்பா அரிசி ஆலையில் நெல் காயவைத்தவர். பாம்புக்கு அவனுக்கும் பயம்தான்! உதவித்தொகை நின்றது, அவனும் நின்றுவிட்டான். தேர்வுக்கு இருளர் பற்றி இரண்டு பக்கம் மனப்பாடம் செய்த நான், அவனுக்காக ஒரு மனுகூட எழுதித் தரவில்லை.

1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெய்வம், திருமணம், ஈமச்சடங்கு முதலியவற்றை விசாரித்துப் பழங்குடிச் சான்றைச் சரிபார்க்கச் சொன்னது. போலிகளைத் தடுக்க அது தேவைதான். ஆனால் ஊர் மாறிப் பிழைக்கப் போனவரிடம் பழைய வழக்கத்தைத் தேடினால் எப்படி? அந்த ஒப்புமைச் சோதனையையே முடிவான உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்று அதே நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கியது.

நண்பனைப் போன வருஷம் பார்த்தேன். மகளுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டானாம்; கல்லூரியில் படிக்கிறாள். "என்ன படிக்குது?" என்றேன். "வரலாறுதான். என் கேள்விக்கு நீங்க யாரும் பதில் சொல்லலியே!" என்று சிரித்தான். இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழுக்கு அலையும் பழங்குடி மாணவர் ஒருவருடனாவது ஆண்டுதோறும் நாம் அலுவலகப் படி ஏறுவோம். வாழ்க நம் கல்லூரி!