டெடி: பெயர் ஒன்று, கரடி பல

பழைய சாமான் கடையில் ஒரு துணிக்கரடி கிடைக்கிறது. கம்பெனிச் சீட்டு இல்லை. கடைக்காரர் ‘டெடி பேர்’ என்கிறார். எங்கே, எப்போது, யார் செய்தது என்று கேட்டால் அந்தப் பெயர் வாய் திறக்காது. ஏன் என்பதற்கு அதன் பிறப்பிலேயே பதில் இருக்கிறது.

1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனார். வழிகாட்டி ஹோல்ட் காலியர் ஒரு கரடியை அடித்து மரத்தில் கட்டிவைத்தார். கட்டிப்போட்ட விலங்கைச் சுட மாட்டேன் என்று மறுத்த ரூஸ்வெல்ட், காயம்பட்ட அதன் கதையை முடித்துவிடும்படி சொன்னார். ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதழில் கிளிஃபர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரத்தில் மறுப்பு மட்டுமே இருந்தது, முடிவு இல்லை. அதைப் பார்த்து, புரூக்ளினில் மிட்டாய்க்கடை நடத்திய மாரிஸ் மிக்டமும் மனைவி ரோஸும் ஒரு கரடி தைத்து ‘டெடியின் கரடி’ என்று விற்றார்கள். டெடி என்பது ரூஸ்வெல்ட்டுக்கே பிடிக்காத செல்லப்பெயர்.

சில ஆண்டுகளில் ஆறாம் வேற்றுமை உருபு உதிர்ந்தது. ‘டெடியின் கரடி’ ‘டெடி கரடி’ ஆனது. உருபோடு உரிமையாளரும் போய்விட்டார். யார் தைத்தாலும் டெடிதான்.

ஜெர்மனியின் கீங்கன் ஊரில் அதே காலத்தில் பிறந்த கரடிக்கு அந்தப் பெயரே கிடையாது. மார்கரெட்டே ஷ்டைஃப் நிறுவனத்தில் அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட் வடிவமைத்த அதற்கு ‘55 பிபி’ என்று பெயர்: உயரம் 55 செ.மீ., ப்ளஷ் துணி, அசையும் கைகால். அமெரிக்காவுக்குப் போன பிறகு அதுவும் டெடியானது. போலிகள் பெருகவே, 1904 முதல் ஷ்டைஃப் பொம்மைகளின் இடது காதில் உலோகப் பொத்தான் ஏறியது. பெயர் வாய் திறக்காத இடத்தில் காது பேச வேண்டியதாயிற்று.

குழந்தை விழுங்கிவிடும் என்று பொத்தானைப் பிடுங்கிய வீடுகள் உண்டு. அப்போது பொருளைத்தான் கேட்க வேண்டும். ‘ப்ளஷ்’ என்ற சொல்லின் வேர் மயிரைக் குறிக்கும் லத்தீன் சொல். பழைய கரடிகளின் ப்ளஷ் பெரும்பாலும் மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் மயிர். ‘தேர்ந்தெடுத்தது’ என்னும் பொருளுள்ள அரபுச் சொல் ‘முகய்யர்’ ஆங்கிலத்தில் மயிரைக் குறிக்கும் ‘ஹேர்’ என்ற சொல்லோடு குழம்பி மொஹேர் ஆனது. செயற்கை இழையாக இருந்தால் கரடி அநேகமாக இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது.

உள்ளே அழுத்தினால் நொறுநொறுவென்று கெட்டியாக இருக்கிறதா? அது மரச்சீவல், தொடக்ககால முறை. மெத்தென்று, எடையே இல்லாமல் இருந்தால் ‘கபோக்’ ஆகலாம். மலாய் வழியே போன சொல். பொருள் நம் இலவம்பஞ்சு. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் கரடிகளில் அது பரவியது. கண்ணும் சாட்சி சொல்லும்: முதலில் பூட்ஸ் பொத்தான், பிறகு கண்ணாடி, 1950களில் பிளாஸ்டிக்.

ஒரு சாட்சியை மட்டும் நம்பக் கூடாது. கண்ணை மாற்றித் தைத்திருக்கலாம், பழைய பொத்தானைப் புதிய காதில் குத்தியிருக்கலாம். துணி, பஞ்சு, கண், மூட்டு எல்லாம் ஒரே காலத்தைச் சுட்டினால்தான் கரடியின் வயதைச் சொல்ல முடியும். பெயரைக் கடைசியில் விசாரிக்கலாம்.