தோளிலிருந்து கம்பிக்கு: யார் ஏறுகிறார்கள்?

மாட்டுப் பொங்கலை ஒட்டி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு வருகிறார். அங்கே குன்றின்மேல் உள்ள மண்டபம்வரை ஏறுவதும் உண்டு. உண்மையில் ஏறுவது அவரைச் சுமக்கிற தோள்கள்தாம். இதே வரதரைப் பற்றி இன்னொரு கதை. சோளிங்கரிலிருந்து வருடந்தோறும் கருடசேவைக்கு வந்துகொண்டிருந்த தொட்டாச்சாரியார் தள்ளாமையால் வர முடியாமல் போக, பெருமாளே சோளிங்கர் தக்கான் குளக்கரையில் காட்சி கொடுத்தாராம். அந்த நினைவாகத்தான் இன்றும் காஞ்சிபுரத்தில் கருடசேவையன்று கோபுர வாசலில் குடைகளைச் சாய்த்து சாமியை ஒரு கணம் மறைக்கிறார்கள். ஆச்சாரியாருக்கு இது சரி. மற்றவர்களுக்கு? லோகசாரங்க முனிவர் பாணரைத் தோளில் சுமந்த கதை ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது நடக்க அரங்கனே கனவில் வந்து ஆணையிட வேண்டியிருந்தது.

உயரத்துக்கு யார் தூக்கப்படுகிறார், யார் தூக்குகிறார் என்பது அதிகாரத்தின் மிகப் பழைய கேள்வி. கம்பிவட ஊர்தி வந்ததும், அதாவது சனங்க வாயில் 'ரோப்கார்' வந்ததும், இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதாக ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. மோட்டார் இழுக்கிறது, மனிதத் தோளுக்கு விடுதலை. தொழில்நுட்பத்தை இப்படிச் சாதியற்ற, வர்க்கமற்ற ஒன்றாகப் பார்க்கிற சொல்லாடலைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம். கம்பியை எங்கிருந்து எங்கே கட்டுவது என்பதை மோட்டார் தீர்மானிப்பதில்லை.

தமிழர் வாழ்வில் இந்தக் கம்பி முதலில் தேயிலையோடு வருகிறது. மூணாறுத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலைவிளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். 1908 முதல் இதற்கென்றே ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கீழே, இன்றைய தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு, பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு இறங்கின. அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர், பிறகு ரயில், கப்பல், லண்டன். வெள்ளைக்காரன் கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர் வைத்துவிட்டான். மேலே ஒரு நிலையம் இருப்பதால் கீழே இருக்கும் ஊர் 'அடி'யாகிவிடுகிறது. பெயரிடுதலும் ஆளுதல்தான்.

கங்காணிகள் திரட்டிய கூலிச் சனம் அதே மலையில் எப்படி ஏறியது? நடந்து. மூட்டையும் பிள்ளையுமாக நடந்து. தேயிலைக்குக் கம்பி, ஆளுக்குக் கால். பெட்டி நனையக்கூடாது, உடையக்கூடாது, அதற்குச் சந்தையில் விலை இருக்கிறது. கூலி உடலுக்குத் துண்டுச்சீட்டுக் கணக்கில் மட்டுமே விலை. இந்தத் தர்க்கம் மூணாறோடு முடிவதல்ல. இலங்கை மலையகத்திலும் பல தோட்டங்களில் கொழுந்து மூட்டை கம்பியில் சறுக்கித் தொழிற்சாலைக்குப் போனது, அதைப் பறித்தவள் சரிவில் இறங்கி லயத்துக்குப் போனாள். (அன்று கூலிகள் ஏறிய போடி மலைச்சரிவில் இன்று 'ட்ரெக்கிங்' போகிறார்கள். நடையும் ஒரு பண்டமாகிவிட்டது, போகட்டும்.)

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நீலகிரியில், 1932இல் மின்சாரம் தந்த பைக்காராத் திட்டத்தின் சிங்காரா மின்நிலையத்துக்கு, கிளென்மார்கனிலிருந்து சரிவில் இறங்கும் விஞ்ச். கம்பி இழுக்க, தண்டவாளத்தில் ஊர்கிற பெட்டி. மின்வாரிய ஊழியர்கள் அதில் வேலைக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் வேலைக்குப் போகிறவரைக் கம்பி சுமந்த அரிய இடம் இது. நம்முடைய போக்குவரத்து வரலாறுகளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்த கட்டம் பக்தி. பழனியில் 1960களில் விஞ்ச் வந்தது, 2004 நவம்பரில் ரோப்கார். முதியவர்களும் ஊனமுற்றவர்களும் முருகனைப் பார்க்க முடிகிறது. இதை இளக்காரமாகப் பேசுவது மேட்டிமை. முழங்கால் வலிக்கிற கிழவிக்கு அது மெய்யான விடுதலை. ஆனால் 1947 ஆலய நுழைவுச் சட்டம்வரை மலைமேல் யார் வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கம்பியின் வரிசையில் இப்போது கட்டணச்சீட்டு தீர்மானிக்கிறது. காற்று வலுத்தால் ரோப்கார் நிற்கும், வருடாந்திரப் பராமரிப்புக்கு வாரக்கணக்கில் நிற்கும். படிக்கட்டு நிற்பதில்லை. காவடி எடுப்பவன் இன்றும் படியில்தான் ஏறுகிறான்.

அதே 2004இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் வேறொன்று நடந்தது. போதைக் கும்பல்களின் துப்பாக்கிக்கு நடுவே, மலைச்சரிவில் அடுக்கடுக்காக முளைத்த சான்டோ டொமிங்கோ என்ற ஏழைக் குடியிருப்புக்கு நகரின் மெட்ரோ நிர்வாகமே கம்பி கட்டியது. மெட்ரோவுக்கு எடுத்த சீட்டிலேயே ரோப்காரிலும் ஏறலாம். பொலிவியாவில் கதை இன்னும் கூர்மையானது. லா பாஸ் நகரம் பள்ளத்தில், அதன்மேல் 4000 மீட்டர் உயரத்தில் அய்மாரா பூர்வகுடிகளின் எல் ஆல்டோ. 2003 எரிவாயுப் போராட்டத்தில் மேலே இருந்தவர்கள் சாலைகளை மறித்துக் கீழேயுள்ள தலைநகரத்தின் குரல்வளையைப் பிடித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், அதிபர் நாட்டைவிட்டு ஓடினார். 2014இல், ஏவோ மொராலெஸ் ஆட்சியில், இந்த இரு நகரங்களையும் கம்பி இணைத்தது. 2019க்குள் பத்து வழித்தடங்கள், நிலையங்களுக்கு அய்மாரா மொழிப் பெயர்கள். கலகம் செய்த சரிவு அது. அரசுக்கு அதன்மேல் தானாகக் கருணை பிறந்துவிடவில்லை.

உடனே புல்லரித்துவிட வேண்டாம். ரியோவில் அலெமாவ் குடிசைப்பகுதிக்கு 2011இல் வந்த கம்பி, ஒலிம்பிக் முடிந்த 2016லேயே நின்றுபோனது. அதே நகரின் ரோசீன்யா மக்கள் 'எங்களுக்கு முதலில் சாக்கடை கட்டு' என்று தெருவில் இறங்கினார்கள். சரியான கோரிக்கை. தலைக்குமேல் தொங்கும் பெட்டி, தரையில் ஓடும் மலத்தைப் பார்க்கவிடாமல் செய்யும்.

நம் நாட்டில் நகரப் பொதுப்போக்குவரத்துக்கான முதல் கம்பி என்று சொல்லி 2023 மார்ச்சில் வாரணாசியில் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் நிலையத்திலிருந்து கோதௌலியா வரை, ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கோதௌலியாவைத் தாண்டினால் கங்கைப் படித்துறை. நகரம் என்கிறார்கள், யாத்திரை என்று கேட்கிறது. விபத்துக்கும் குறைவில்லை. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில் கம்பி சிக்கி, பெட்டிகளில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது, மூன்று பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வருமுன்னே கயிற்றில் தொங்கிப் பலரை இறக்கியவர் அங்கேயே வேலைபார்த்த பராமரிப்புத் தொழிலாளி. மோட்டார் நின்றதும் மறுபடி தோள்தான்.

வாலாஜாபாத் சமவெளி. தறியை விட்டவர்களின் பிள்ளைகள் இங்கே விடிகாலையில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கம்பி தேவையில்லை, நல்ல டவுன்பஸ் போதும். கம்பி தேவைப்படுகிற இடங்கள் வேறு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலைமேல் நடந்தார். பக்கத்து மாவட்டத்தில் சோளிங்கர் மலைக்கு 1305 படிகள். டோலி தூக்குகிறவர்களின் தோளில் ஏறிப்போக வசதியுள்ளவர்கள் அப்படிப் போய்வந்த மலை. அங்கே 2024இல் ரோப்கார் ஓடத் தொடங்கியது.